சத்தம் போடாத வால்வு

லோரி ஓட்டுநர்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் சொல்வது ஒரே குறைதான். “அண்ணே, மேலே டக்கு டக்குன்னு அடிக்குது. கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க.” மேலே என்றால், எஞ்சினின் உச்சியை மூடும் ராக்கர் கவருக்கு அடியில். வால்வு என்பது சிலிண்டருக்குள் காற்றை விடவும் புகையை வெளியே விடவும் திறந்து மூடும் கதவு. டைட் பண்ணுவது என்றால் வால்வு கேப்பை, அதாவது அதற்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே விட்ட இடைவெளியை, குறைப்பது. சத்தம் நின்றால் கோளாறும் நின்றது என்பது அவர்கள் கணக்கு. பல்வலி நின்றதும் பல் சரியாகிவிட்டது என்று நினைப்பதுபோலத்தான் இதுவும். நரம்பு செத்தாலும் வலி நின்றுபோகும்.

பெரிய டீசல் எஞ்சினில் சத்தம் போடுகிற வால்வைவிடச் சத்தம் போடாத வால்வைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டறை இருப்பது பத்தாங் பெர்ஜுந்தையில். பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறிப் பல வருடம் ஆகியும் எங்கள் வாயில் பழைய பெயர்தான். மலேசியாவில் பாமாயில் தரும் செம்பனையை வியாபாரத்துக்கென்று முதலில் நட்டது 1917இல், இந்த ஊர்ப்பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் மட்டும் நம்முடைய தென்னைமரம். நூறு வருடம் தாண்டியும் ஊரின் பிழைப்பு பழக்குலையைச் சுற்றித்தான் ஓடுகிறது. வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர்வது நல்லது. தாமதமாக ஆகப் பழத்தில் கொழுப்பு அமிலம் கூடி எண்ணெயின் தரம் இறங்கும். ஆகவே ஒரு லோரி படுத்துக்கொண்டால் முதலாளிக்குப் பணம் போகும், மண்டோருக்கு, அதாவது தோட்டத்து மேற்பார்வையாளருக்கு, தொண்டை போகும், எனக்குத் தூக்கம் போகும்.

அப்படிப் படுத்துக்கொண்ட ஒரு லோரியிலிருந்து தொடங்குகிறேன். ஆறு சிலிண்டர், குலை ஏற்றும் பழைய வண்டி. வேறோர் ஊரில் யாரோ ராக்கர் சத்தம் அடங்கும்வரை திருகிக் கொடுத்திருந்தார்கள். ஓட்டுநருக்கு ஒரே சந்தோஷம், எஞ்சின் காராட்டம் மெதுவாக ஓடுகிறதென்று. நாலு மாதத்தில் காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சிரமப்பட்டது, வெள்ளைப் புகை தள்ளியது. சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டினால் ஒரே தாளத்தில் வர வேண்டிய காற்று நடுவில் ஒருமுறை ‘புஸ்’ என்று தடுமாறியது. சிலிண்டர்கள் காற்றை அமுக்கிப் பிடிக்கின்றனவா என்று கம்பிரஷன் பார்த்தோம். நாலாவது சிலிண்டரில் ஒன்றும் நிற்கவில்லை. சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினால், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு காணோம். எலி கடித்த அப்பளம்போல இருந்தது. மேனுவல்படி 0.45 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய கேப், மற்ற எக்ஸாஸ்ட் வால்வுகளில் 0.10கூட இல்லை.

அந்த 0.35 மில்லிமீட்டர், அதாவது நாலைந்து தலைமுடியின் கனம், எப்படி ஓர் இரும்புத் துண்டைத் தின்றது?

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று. ஒவ்வொரு வால்வும் அந்த இரண்டு சுற்றுக்கு ஒருமுறை திறந்து மூடும். 1800 சுற்றில் ஓடும்போது நிமிடத்துக்கு 900 முறை, வினாடிக்கு 15 முறை. சராசரி 1500 சுற்று, நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் ஒரு வால்வு ஒரே நாளில் 3,60,000 முறை சீட்டில், அதாவது ஹெட்டில் அது பதியும் வளையத்தில், உட்கார்ந்து எழுந்திருக்கிறது. உத்தரவு கேம்மின் முட்டை வடிவ மேட்டிலிருந்து கிளம்பும். அது டேப்பட்டைத் தூக்க, டேப்பட் புஷ் ராடைத் தள்ள, புஷ் ராட் ராக்கரின் ஒரு முனையை உயர்த்த, ராக்கரின் மறுமுனை இறங்கி வால்வை அமுக்குகிறது. சிலிண்டருக்கு நாலு வால்வு உள்ள எஞ்சினில் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே பிரிட்ஜ் என்ற பாலம் ஒன்று உட்கார்ந்து ஒரே அழுத்தத்தில் இரண்டு வால்வைத் திறக்கும். கேம்மை ஹெட்டுக்கு மேலேயே வைத்துவிட்ட எஞ்சின்களில் டேப்பட்டும் புஷ் ராடும் கிடையாது. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. கேம் தள்ளத்தான் செய்யும், இழுக்காது.

இந்தச் சங்கிலியில் எங்கோ ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு சின்ன இடைவெளி விட்டுவைத்திருக்கிறார்கள். அதுதான் கேப். எஞ்சின் சூடேறினால் எல்லாம் நீளும், ஆனால் எல்லாம் ஒரே அளவில் நீளாது. ஹெட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வின் தலையோ எரிந்த வாயுவுக்கு நடுவே 600, 700 டிகிரியில் நிற்கிறது. அந்த வால்வுக்கு எடுக்கும் உலோகம் சாதாரண எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியக்கூடியது. 50 மில்லிமீட்டர் நீளத்துக்கு 500 டிகிரி சூடு ஏறினால் 0.45 மில்லிமீட்டர் நீளும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீள்வதற்கு இடம் இல்லாவிட்டால் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. மயிரிழை திறந்தபடியே நிற்கும்.

சீட் என்பது வாயுவை அடைக்கும் மூடி மட்டும் இல்லை, வால்வு குளிர்வதற்கான வழியும் அதுதான். வால்வு வாங்கும் சூட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீட் வழியாக ஹெட்டுக்குப் போகிறது. மிச்சம் தண்டு, அந்தத் தண்டு ஏறி இறங்கும் குழலான கைடு வழியாக இறங்குகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் மூன்றில் இரண்டு பங்கு நேரம் வால்வு சீட்டில் அமர்ந்திருப்பதால்தான் தாக்குப்பிடிக்கிறது. அமர்வது சரியில்லை என்றால் இரண்டு தொல்லை ஒன்றாக வரும். சூடு இறங்க வழியில்லை; போதாததற்கு அந்த மயிரிழைச் சந்து வழியாக எரிகிற வாயு வெல்டிங் சுடர்போலப் பீய்ச்சும். முதலில் ஓரத்தில் ஒரு கோடு விழும். கோடு பள்ளமாகும், பள்ளம் ஒரு துண்டாக விழுந்துவிடும். அப்பளக் கதை இதுதான்.

இப்போது சத்தத்துக்கு வருகிறேன். கேப் இரண்டு பக்கமும் கெடலாம், இரண்டுக்கும் குணம் வேறு. கேம், டேப்பட், புஷ் ராட் நுனி, ராக்கர் முனை இவை தேய்ந்தால் கேப் கூடும். கூடினால் தட்டும் சத்தம் வரும். வால்வின் முகமும் சீட்டும் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் ஏறினால் கேப் குறையும். 0.10 மில்லிமீட்டர் ஏறினால் கேப்பில் 0.10 போய்விடும். குறைந்தால் சத்தமும் குறையும். எஞ்சின் நாளுக்கு நாள் அமைதியாகிக்கொண்டே வருகிறது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், நான் பாராட்டுவதற்கு முன்னால் ராக்கர் கவரைக் கழற்றிப் பார்ப்பேன்.

கேப் கூடினால் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. கேம் மேட்டின் அடிவாரத்தில் மெல்ல ஏறும் ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். கேப் முழுவதும் அந்தச் சரிவிலேயே தீர்ந்து, அப்புறம்தான் வால்வு அசைய வேண்டும். மூடும்போதும் வால்வு அந்தச் சரிவு வழியாக நிதானமாக இறங்கி உட்காரும். கேப் ரொம்பக் கூடினால் சரிவைத் தாண்டிய செங்குத்தில் மோதல் நடக்கும். வால்வு உட்காருவதற்குப் பதில் விழும். சீட் அடிவாங்கும், ராக்கர் முனை குழியாகும், திறப்பு குறைந்து எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். ஆனால் இதெல்லாம் மெதுவாக நடக்கிற சேதம், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடக்கிற சேதம். குறைந்த கேப் சொல்லாமல் கொல்லும். மேனுவல் அளவிலிருந்து தவறியே ஆக வேண்டும் என்று கட்டாயம் வந்தால் கூட்டித் தவறுங்கள்.

அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். 12 வால்வு கம்மின்ஸ் 5.9 லிட்டரில் காற்றை உள்ளே விடும் இன்லெட்டுக்கு 0.25, எக்ஸாஸ்டுக்கு 0.51 மில்லிமீட்டர். ஸ்கானியாவின் புஷ் ராட் வைத்த 13 லிட்டரில் 0.45, 0.70. இசுசு 4எச்கே1இல் இரண்டுக்கும் ஒரே 0.40. எக்ஸாஸ்டுக்கு எப்போதும் இரட்டிப்பு என்று சில பேர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், அது விதியே கிடையாது. வால்வின் நீளம், உலோகம், ஹெட்டின் கட்டமைப்பு, கேம் சரிவின் உயரம் எல்லாம் பார்த்து வரைந்தவர்கள் எடுத்த முடிவு அந்த எண். ஒரு வண்டியின் அளவை இன்னொன்றுக்குப் போடுவது அண்ணன் கண்ணாடியைத் தம்பி மாட்டிக்கொள்வதுபோல.

இனி வால்வைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கடையில் வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எக்ஸாஸ்ட் வால்வு பலவற்றில் காந்தம் தண்டில் ஒட்டும், தலையில் ஒட்டாது. இரண்டும் வெவ்வேறு உலோகம். தலை 21-4என் என்ற வகை: 21 சதவிகிதம் குரோமியம், 4 சதவிகிதம் நிக்கல், கூடவே மாங்கனீசும் நைட்ரஜனும். சூட்டில் பலம் இழக்காது, ஆனால் கைடில் உரசி ஓடுவதற்கு ஏற்றதல்ல. தண்டு கடினமாக்கக்கூடிய குரோம் சிலிக்கான் எஃகு. உரசலைத் தாங்கும், ஆனால் அந்தச் சூட்டைத் தாங்காது. ஒன்றைச் சுழற்றி இன்னொன்றில் அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே ஒட்டவைக்கிறார்கள். தலையின் ஓரத்தில், சீட்டைத் தொடும் வளையத்தில், ஸ்டெல்லைட் என்ற கோபால்ட் குரோமியக் கலவையை உருக்கிப் பூசுவதும் உண்டு. தலையிலும் தண்டிலும் காந்தம் ஒரே மாதிரி பச்சென்று ஒட்டுகிற வால்வை எக்ஸாஸ்ட் என்று சொல்லி யாராவது பாதி விலைக்குக் கொடுத்தால், ஏன் பாதி விலை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இன்லெட் வால்வின் கதை வேறு. அதற்குச் சூடு குறைவு, ஆனால் அதன் சீட் வறண்டு கிடக்கிறது. பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் எரிபொருள் அந்த வழியாகவே வந்து கொஞ்சம் ஈரம் காட்டும். டீசலில் வெறும் காற்று, அதுவும் டர்போ அமுக்கித் தள்ளும் காற்று. எக்ஸாஸ்ட் பக்கத்திலாவது கரி படிந்து மெத்தை மாதிரி உதவுகிறது. இன்றைய பெரிய டீசலில் எரியும்போது அழுத்தம் 200 பாரை எட்டும். 40 மில்லிமீட்டர் வால்வின் மேல் அது ஏறத்தாழ இரண்டரை டன் பாரம். அந்தப் பாரத்தில் வால்வின் தலை சற்றே வளைந்து, சீட்டின்மேல் நூலளவு வழுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன அரம் போடுவதுபோல. அதனால்தான் இன்லெட் சீட்டைப் பல எஞ்சின்களில் 45 டிகிரிக்குப் பதில் 30 டிகிரியில் வெட்டுகிறார்கள். கோணம் தட்டையானால் வழுக்கல் குறையும். மேலே சொன்ன கம்மின்ஸ் 5.9இல் இன்லெட் 30, எக்ஸாஸ்ட் 45. இதைக் கவனிக்காமல் இரண்டையும் ஒரே கல்லில் 45 ஆக அறுத்துக் கொடுத்த ஹெட் ஒன்று என் மேசைக்கே வந்திருக்கிறது.

ஸ்பிரிங்கைப் பற்றிச் சுருக்கமாக. வால்வைக் கேம்மோடு ஒட்டவைப்பது அதன் பொறுப்பு. வேகம் கூடினால் அதற்கு வேண்டிய பலம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 2500 சுற்றுக்கும் 3500க்கும் வித்தியாசம் ஆயிரம்தான், ஸ்பிரிங்குக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை. இரட்டை ஸ்பிரிங் போட்டிருந்தால் ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் சுற்றியிருக்கும், ஒன்றின் வளையம் இன்னொன்றில் சிக்காமல் இருக்க. ஒரு பக்கம் நெருக்கமாகச் சுற்றிய ஸ்பிரிங்காக இருந்தால் நெருக்கமான பக்கம் கீழே, ஹெட்டைப் பார்த்து. தலைகீழாகப் போட்டாலும் எஞ்சின் ஓடத்தான் செய்யும், அதுதான் சிக்கலே.

கராக் நெடுஞ்சாலை இறக்கத்தில் முழுப் பாரத்தோடு ஐந்தாவது கியரிலிருந்து நாலுக்குப் போட நினைத்து இரண்டில் விழுந்துவிட்டால், எஞ்சினை ஓட்டுவது டீசல் இல்லை, லோரியின் எடை. கவர்னர் டீசலைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. சுற்று எகிறும், ஸ்பிரிங் தோற்கும், வால்வு கேம்மை விட்டு மிதக்கும். டீசலில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். மிதந்த வால்வைப் பிஸ்டன் தட்டும். அதிர்ஷ்டம் இருந்தால் புஷ் ராட் மட்டும் வளையும், வீட்டில் ஃபியூஸ் போவதுபோல. வளைந்ததா என்று பார்க்கக் கண்ணாடி மேசையில் உருட்டினால் போதும். நேரானது ஓடும், வளைந்தது குதிக்கும். ஓட்டுநர் கியர் மாற்றியதைப் பற்றி வாயே திறக்க மாட்டார், ஆனால் புஷ் ராட் சொல்லிவிடும்.

இறக்கத்தைப் பேசினதால் இன்னொன்று. 1931இல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் தன் லோரியோடு கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கியபோது பிரேக் தளர்ந்து, கீழே ரயில் பாதையில் மோதலிலிருந்து மயிரிழையில் தப்பினார். பின்னாளில் அந்த மனுஷன் யோசித்ததுதான் எஞ்சின் பிரேக்: காற்றை அமுக்கி முடிக்கிற நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து, அமுக்கின சக்தியை வெளியே விட்டுவிடுவது. ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நல்ல யுக்தி, ஆனால் வால்வு, ராக்கர், கேம் எல்லாவற்றுக்கும் இரட்டைச் சுமை. அமுக்கிய காற்றுக்கு எதிராக வால்வைத் திறக்க வேண்டும். 50 பார் என்று வைத்தாலே 40 மில்லிமீட்டர் வால்வில் 600 கிலோவுக்கு மேல் வரும். அப்படிப்பட்ட பிரேக் உள்ள எஞ்சினில் பிரேக்குக்கென்று தனிக் கேப் உண்டு, அதையும் வைக்க வேண்டும். ஜப்பான் லோரிகளில் நாம் பார்க்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வேறு சாதி. அது புகைக்குழாயை அடைப்பது. அடைத்த குழாயின் அழுத்தம் வால்வைப் பின்னாலிருந்து தள்ளும், தளர்ந்த ஸ்பிரிங் என்றால் வால்வு தானாகத் திறந்துகொள்ளும்.

சரி, பூட்டும் வேலை. கெட்டுப்போன எஞ்சின்களில் கணிசமானவை பூட்டும்போது கெட்டவை என்பது என் எண்ணம். புது சீட் வளையத்தைச் சுத்தியலால் அடித்து இறக்குவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். வளையத்தை உலர்பனியில் குளிரவைத்து, ஹெட்டைச் சூடாக்கி, விறுவிறுவென்று நேராக இறக்கினால் அடி தேவையே இல்லை. அடித்து இறக்கியது கோணலாக நிற்கும், ஒருநாள் கழன்றும் வரும். கைடு மாற்றிய பிறகுதான் சீட்டை வெட்ட வேண்டும், ஏனென்றால் சீட்டின் நடுமையம் கைடைப் பார்த்துத்தான் எடுக்கப்படுகிறது. வரிசையை மாற்றிச் செய்தவர்கள் அப்புறம் மணிக்கணக்கில் அரைக்கும் பேஸ்ட் போட்டு வால்வைச் சீட்டில் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தத் தேய்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் குச்சியில் வால்வை ஒட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே தயிர் கடைவதுபோலக் கடைந்து, சாம்பல்நிற வளையம் விழுந்ததும் நிறுத்துவோம். பழைய எஞ்சினுக்கு அது போதும். சீட்டுக்கும் வால்வுக்கும் அரை டிகிரி, ஒரு டிகிரி வித்தியாசம் வைத்து வெட்டியிருக்கும் ஹெட்டில் கடைந்தால், மெல்லிய கோடாகத் தொட வேண்டிய இடம் அகலப் பட்டையாகிவிடும். காசு கொடுத்து வெட்டிய கோணம் போச்சு. நீலச்சாயம் தடவித் தொடும் இடம் முழு வட்டமாக வருகிறதா என்று பார்த்தாலே போதும். கடைசியில் ஹெட்டைக் கவிழ்த்து, வாயு போய்வரும் வழியான போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, தே ஓ என்ற பாலில்லாத தேநீர் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு வந்து ஈரம் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வழக்கம்.

வால்வு ஹெட்டின் மட்டத்திலிருந்து எவ்வளவு உள்ளே நிற்கிறது என்பதை அளக்க மறக்கக்கூடாது. ஹெட்டைச் சீவினால் வால்வு பிஸ்டனுக்கு நெருங்கும். சீட்டை ஆழமாக வெட்டினால் வால்வு மேலேறி, ஸ்பிரிங் தளரும். அதற்கு அடியில் வைக்கத் தகடு உண்டு. எண்ணெய் தண்டு வழியாக இறங்காமல் தடுக்கும் வால்வு சீலை மாட்டும்போது தண்டின் பள்ளங்கள் சீலின் உதட்டைக் கிழிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்திவிட்டு இறக்க வேண்டும். ஸ்பிரிங்கை அமுக்கி, அதைத் தண்டோடு பிடித்து நிறுத்தும் வால்வு லாக் இரண்டையும் வைத்த பிறகு, தண்டு நுனியில் மரச்சுத்தியலால் ஒரு தட்டு. லாக் சரியாக உட்காரவில்லை என்றால் அங்கேயே தெரிந்துவிடும். ஓடும்போது தெரிந்தால் வால்வு பிஸ்டனின் தலைமேல் விழுந்திருக்கும்.

டேப்பட்டைப் பொறுத்தவரை ஒரே சட்டம்: கழற்றின இடத்திலேயே திரும்பப் போட வேண்டும், புதுக் கேம் என்றால் புது டேப்பட். தட்டை டேப்பட் என்று நாம் சொல்வது உண்மையில் தட்டை இல்லை. முகம் நூலளவு குமிழ்ந்திருக்கும், கேம் மேடு சற்றே சாய்ந்திருக்கும். அந்த இரண்டும் சேர்ந்து டேப்பட்டைச் சுழலவைக்கின்றன. சுழல்வதால் தேய்மானம் வட்டமாகப் பரவும். முகத்தில் குறுக்கே ஒரே கோடாகத் தேய்ந்திருந்தால் அது சுழல்வதை நிறுத்திவிட்டது என்று அர்த்தம், அதன் கேம் மேடும் போயிருக்கும். கம்மின்ஸ் 5.9இல் டேப்பட்டின் அடி காளான்போல அகன்றது, மேலே வராது. கேம்மை உருவ வேண்டுமென்றால் புஷ் ராட் துளை வழியாக மரக்குச்சிகளை இறக்கி, டேப்பட்டுக்குள் இறுக்கி, மேலே தூக்கி, இரண்டிரண்டு குச்சியாக ரப்பர் பேண்டால் கட்டி நிறுத்துவோம். பால்மரம் சீவின ஊரில் கேம்மைக் காப்பாற்றுவது ரப்பர் பேண்ட் என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

புது எஞ்சின்களில் டேப்பட்டுக்குப் பதில் உருளை வந்துவிட்டது. சுமை கூடியது ஒரு காரணம், எண்ணெய் மாறியதும் ஒரு காரணம். என்ஜின் எண்ணெயை, இங்கே எல்லாரும் மிஞ்ஞாக் ஹீத்தாம் என்போமே, அதில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு மருந்து உண்டு. உலோகத்தின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து கேம்மைக் காக்கும். புகை வடிகட்டி உள்ள வண்டிகளுக்கு அது ஆகாது என்று அளவைக் குறைத்தார்கள். அடுத்தது டீசல். நம் பம்பில் வரும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. நாம் ஏற்றிப்போன குலையே சுற்றிக்கொண்டு டாங்கிக்கு வருகிறது. இன்ஜெக்டர் ஒழுகி எண்ணெயில் கலந்தால், சாதா டீசல் அளவுக்கு அது சுலபமாக ஆவியாகிப் போகாது. எண்ணெய் நீர்த்துப்போனால் முதலில் அழுவது கேம்தான். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் கூடுகிறதென்றால் அது நல்ல செய்தி இல்லை.

கடைசியாகக் கேப் வைப்பது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். காலையில் முதல் வேலையாகச் செய்வதே எனக்குப் பழக்கம். ஆறு சிலிண்டரில் வெடிப்பு வரிசை பெரும்பாலும் 1-5-3-6-2-4. ஏழு என்ற எண்ணை நினைவில் வைத்தால் போதும். 1க்கு ஜோடி 6, 2க்கு 5, 3க்கு 4. ஆறாவதில் ஒரு வால்வு மூடிக்கொண்டும் மற்றது திறந்துகொண்டும் ஊசலாடினால் ஒன்றாவது வெடிப்பு நிலையில் நிற்கிறது. அந்த நிலையில் 1, 2, 4இன் இன்லெட்டையும் 1, 3, 5இன் எக்ஸாஸ்டையும் வைக்கலாம். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி மிச்சம் ஆறையும் முடித்துவிடலாம். பழைய 14 லிட்டர் கம்மின்ஸ் மாதிரி பிரிட்ஜிலேயே திருகு உள்ளவற்றில் முதலில் பிரிட்ஜைச் சமன்செய்து, இரண்டு வால்வையும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்துவிட்டுத்தான் கேப்புக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வால்வு முந்தும், பிரிட்ஜ் சாயும், தண்டு பக்கவாட்டில் தேயும்.

கேப்பை அளக்கும் ஃபீலர் தகடு போகிறதா என்பது கேள்வியில்லை, எப்படிப் போகிறது என்பதுதான். புத்தகத்துக்கு நடுவிலிருந்து ஒரு தாளை இழுப்பதுபோல லேசான பிடிப்பு இருக்க வேண்டும். ராக்கர் முனை குழியாகத் தேய்ந்திருந்தால் தகடு குழியின்மேல் பாலம்போல நிற்கும், 0.40 என்று அளந்தாலும் உள்ளே 0.55 இருக்கும், சத்தம் போகாது. அப்போதுதான் சத்தத்தைப் பார்த்து இன்னும் திருகத் தோன்றும். திருகாதீர்கள், ராக்கரைச் செப்பனிடுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது திருகும் கூடவே ஒரு துளி நகரும். அதனால் இறுக்கின பிறகு தகடை மறுபடி விட்டுப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகவே கூடாது. என்னிடம் வேலை கற்கும் தம்பிக்கு மூன்று மாதமாக நான் சொல்வது இந்த ஒன்றைத்தான். அவனும் மூன்று மாதமாக “செஞ்சிட்டேன்ணே” என்கிறான். நான் போய்த் தகடை விட்டால் பன்னிரண்டில் இரண்டேனும் இறுகியிருக்கும்.

அந்தக் குலை லோரிக்கு வால்வு, சீட், கைடு எல்லாம் மாற்றி, அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டார்ட் எடுத்தோம். டக்கு டக்கென்று மெல்லிய தட்டல், ஆறும் ஒரே தாளத்தில். ஓட்டுநர் கேபினிலிருந்து தலையை நீட்டி, “அண்ணே, முன்னைவிடச் சத்தமா இருக்கே?” என்றார். ராக்கர் கவரில் வெள்ளைப் பெயிண்டால் 0.30 – 0.45 என்றும் அன்றைய தேதியையும் எழுதி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் காலையில் வண்டியை ஆறவிட்டுக் கொண்டுவரச் சொன்னேன்.